நிலவில் மண் அள்ளுவது எப்படி?

திருவொற்றியூர்

அன்புள்ள சண்முகம்,

பரமத்தி வேலூரில் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டாய் என்று கேட்டு மகிழ்ந்தேன். எண்ணூரில் நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட் வேலையிலிருந்து நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது நிலவில் தளம் அமைப்பதைப் பற்றியே படிக்கிறேன். உன் ஊருக்கும் இதில் பங்கு உண்டு: பக்கத்திலுள்ள சித்தம்பூண்டியின் பாறை நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. அதை அரைத்த மண்ணில்தான் சந்திரயான்-2 ரோவரை ஓட்டிப் பார்த்தார்கள்.

நிலவின் மண்ணில் செங்கல் செய்வதைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இஸ்ரோவும் 2020-இல் பாக்டீரியா, யூரியா, கொத்தவரைப் பிசின் சேர்த்து மாதிரி மண்ணைக் கல்லாக்கிக் காட்டின. சூரிய ஒளியைக் குவித்துச் சுட்டும் கெட்டியாக்கலாம். அதெல்லாம் நடக்கும். மண்ணை அள்ளிக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு என்பேன்.

மழைக்காலத்தில் ஈர நிலக்கரி ஹாப்பரில், அதாவது அடி குறுகிய கொட்டுதொட்டியில், இறங்காமல் நிற்கும். சுத்தியலால் தட்டித்தான் இறக்குவோம். நிலவின் ஈர்ப்பு இங்கிருப்பதில் ஆறில் ஒரு பங்குதான். இழுக்கும் விசை குறைந்தால் துகள்களின் பிடிமானம் ஓங்கும். காய்ந்த மண்ணே ஹாப்பரில் அடைத்துக்கொள்ளும். காற்றும் நீரும் தேய்க்காததால் ஒவ்வொரு துகளும் கூராகவே இருக்கிறது. அப்போலோ வீரர்களின் உடையையே அரித்த தூசி, பேரிங்கை விட்டுவைக்குமா?

தோண்டும் வண்டியும் அங்கே எடை குறைந்துவிடும். வாளியை மண்ணில் அழுத்தினால் வண்டிதான் நகரும். இதற்கு நாசா செய்த ரேசர் எந்திரம் என்னை வியக்க வைத்தது. இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழன்று தோண்டுகின்றன. ஒன்றின் உந்தலை மற்றது சரிக்கட்டுகிறது. மண்ணும் உருளைக்குள்ளேயே நிறைகிறது, தனி லாரி வேண்டாம்! ஆனாலும் தூரம் குறைவதே நல்லது. மண் இருக்கும் இடத்துக்குச் செங்கல் சுடும் உலைதான் போக வேண்டும்.

வீடு கட்டும் முன்பே கலங்களுக்கு இறங்குதளம் போட வேண்டும். சந்திரயான்-3 இறங்கியபோதே சுமார் 2 டன் மண் கிளம்பியதாக இஸ்ரோ கணித்தது. பெரிய கலங்கள் இறங்கினால், காற்றின் தடையில்லாத அந்த வெளியில் துகள்கள் வெகுதூரம் பாய்ந்து கட்டடங்களைத் தாக்கும்.

இனி உன் தொழிலான கல் பதிப்புக்கு வருவோம். நிலவின் நடுக்கோட்டுப் பகுதியில் பகல் வெப்பம் சுமார் 120 டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 130. சுட்ட கற்களைப் பரப்பிய தளத்தில் அவை விரிந்து சுருங்க இடைவெளி எவ்வளவு விடுவாய்? சிமெண்ட் கிடையாது, தண்ணீரும் கிடையாது. எதைக் கொண்டு நிரப்புவாய்? யோசித்து விரிவாக எழுது.

அன்புடன்,
தேவராஜ்