மழையில ஏ.டி. டயர்: எத்தன கிலோமீட்டர் ஓடும்னு மட்டும் கேட்டா போதாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

மழை சீசன் வந்துட்டா உங்க பேப்பர்ல அடிக்கடி ஒரு செய்தி வருது, பெரிய கார் ஒண்ணு மலை ரோட்டுல வழுக்கி தடுப்புச் சுவர்ல மோதிடுச்சு, பள்ளத்துல இறங்கிடுச்சுன்னு. வேகமா வந்தாரா, தூங்கிட்டாரா, குடிச்சிருந்தாரான்னு எல்லாம் எழுதறீங்க, அதெல்லாம் கேக்க வேண்டியதுதான். ஆனா அந்த வண்டியில என்ன டயர் மாட்டியிருந்துச்சு, பட்டன், அதாவது டயர் மேல இருக்கற ரப்பர் கட்டை, எவ்வளவு மிச்சம் இருந்துச்சுன்னு ஒரு வரி கூட வந்து நான் பாத்ததில்ல. நான் பொள்ளாச்சியில வீல் அலைன்மென்ட் கடை வெச்சிருக்கறவன், வால்பாறை ஏறப் போற வண்டியும் இறங்கி வந்த வண்டியும் என் கடை வழியாத்தான் போகுது, டயர கையில தொட்டுப் பாக்கறதுதான் பொழப்பு, அதனால இத எழுதியே ஆகணும்னு தோணுச்சு.

இப்போ ஃபார்ச்சூனர், தார், ஸ்கார்ப்பியோ வாங்கறவங்க நெறைய பேரு கம்பெனி டயர் தேயறதுக்குள்ளயே கழட்டிட்டு ஏ.டி. டயர், அதாவது ஆல் டெரெய்ன் டயர் மாட்டறாங்க. பாக்க கம்பீரமாத்தான் இருக்கு, தப்பு சொல்லல. எஸ்டேட்டுக்குள்ள தினமும் போயிட்டு வர்றவங்களுக்கு, தோட்டத்துல கல்லு சேறுன்னு ஓட்டறவங்களுக்கு அது நெஜமாவே தேவை, சாதா டயர் அங்க பக்கவாட்டுல கிழிஞ்சு போயிடும். ஆனா மாட்டறவங்கள்ல நெறைய பேருக்கு வண்டி முழுக்க முழுக்க தார் ரோட்டுலதான் ஓடுது, வருஷத்துல ஒரு தடவ ரெண்டு தடவ மண் ரோட்டப் பாத்தா பெருசு. கடையில அவங்க கேக்கற ஒரே கேள்வி "எத்தன கிலோமீட்டர் ஓடும்ணா?" அவ்வளவுதான். கடைக்காரரும் அம்பதாயிரம் ஓடும், அறுபதாயிரம் ஓடும்னு சொல்றாரு, வியாபாரம் முடிஞ்சிருது. ஈர ரோட்டுல பிரேக் போட்டா எங்க போய் நிக்கும்னு யாரும் கேக்கறதுமில்ல, யாரும் சொல்றதுமில்ல.

இதுல ஒரு பெரிய குழப்பம் இருக்குங்க, நல்ல படிச்சவங்க கூட இதுல தடுமாறுறாங்க. "பட்டன் இவ்வளவு ஆழமா இருக்கு, மழையில பிடிக்காதா?"ன்னு கேப்பாங்க. மழையில வழுக்கறதுங்கறது ஒரே விஷயம் இல்ல, ரெண்டு விஷயம். ஒண்ணு ரோட்டுல தண்ணி தேங்கி நிக்கறப்ப டயர் தண்ணி மேல ஏறி மிதக்கறது. இதுக்கு கணக்கு போட்டுப் பாருங்க, ஃபார்ச்சூனர் டயர் அகலம் 265 மில்லிமீட்டர், ரோட்டுல 3 மில்லிமீட்டர் தண்ணி நிக்குது, வண்டி 80 கிலோமீட்டர் வேகத்துல போகுதுன்னா முன்னாடி இருக்கற ஒரு டயரு மட்டும் ஒரு செகண்டுல 17 லிட்டருக்கு மேல தண்ணிய விலக்கித் தள்ளணும், ஒரு பெரிய குடத்துத் தண்ணி, ஒவ்வொரு செகண்டும். பட்டனுக்கு நடுவுல இருக்கற பள்ளம், காடின்னு சொல்றது, ஆழமா அகலமா இருந்தா அந்தத் தண்ணி போக வழி இருக்கும். புது ஏ.டி. டயர்ல 10 மில்லிமீட்டருக்கு மேலயே ஆழம் இருக்கும், சாதா ரோட்டு டயர்ல 8 பக்கம்தான். அதனால தேங்கின தண்ணியில புது ஏ.டி. டயர் நல்லாவே நிக்கும், அத நான் மறுக்கல.

ரெண்டாவது விஷயம்தான் ஆள அடிக்குது. தண்ணி தேங்கல, ரோடு சும்மா நனைஞ்சிருக்கு, மேல மெல்லிசா ஒரு ஈரம், அதுல கொஞ்சம் ஆயிலு, தூசி, எலைச் சருகு. வால்பாறை ரோட்டுல 40 கொண்டை ஊசி வளைவுலயும் நாள் பூரா இதுதான் நெலம, தென்மேற்குப் பருவமழை மாசங்கள்ல அங்க ரோடு காயறதே இல்ல, பக்கத்துல சின்னக்கல்லாறு தமிழ்நாட்டுலயே அதிகமா மழை பெய்யற இடங்கள்ல ஒண்ணு. இந்த ஈரத்துல பிடிக்கறது காடியோட ஆழம் இல்லீங்க, ரோட்டத் தொடுற ரப்பர் எவ்வளவு, அந்த ரப்பர் எவ்வளவு மெத்துன்னு இருக்கு, பட்டன் மேல மெல்லிசா வெட்டியிருக்கற கோடு, சைப்னு சொல்லுவாங்க, அது எத்தன இருக்குங்கறதுதான். ஏ.டி. டயர்ல பட்டனுக்கும் பட்டனுக்கும் நடுவுல இடைவெளி ஜாஸ்தி, அப்ப ரோட்டத் தொடுற ரப்பர் கம்மி. கல்லுல பட்டா பேந்து வரக்கூடாதுன்னு ரப்பரும் பெரும்பாலும் கெட்டியாத்தான் போடறாங்க. கெட்டி ரப்பர் மெதுவாத்தான் தேயும், அதனாலதான் அறுபதாயிரம் ஓடும்னு சொல்ல முடியுது, ஆனா அதே கெட்டிதான் ஈரத் தார்ல பிடிமானத்தக் கொறைக்குது.

டயர் செய்யறவங்களுக்கு இது ரொம்ப நாளாத் தெரிஞ்ச சிக்கல்தான். தேய்மானம், ஈரப் பிடிமானம், மைலேஜு, இந்த மூணுல ஒண்ண இழுத்தா இன்னொண்ணு கொறையும். 1992-ல மிஷலின் கம்பெனி ரப்பர்ல கார்பனுக்குப் பதிலா சிலிக்கா கலந்து டயர் கொண்டு வந்தப்புறம்தான் மைலேஜும் ஈரப் பிடிமானமும் சேர்ந்து ஏற ஆரம்பிச்சுது. இன்னைக்கு நல்ல ஏ.டி. டயர்கள்லயும் சிலிக்கா இருக்கு, சைப் நெறைய இருக்கு, எல்லா ஏ.டி. டயரும் மோசம்னு நான் சொல்ல வரல. நல்லதுக்கும் சுமாரானதுக்கும் வித்தியாசம் ரொம்பப் பெருசு, அது கண்ணால பாத்தா தெரியாது, அதுதான் பிரச்சனையே.

60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி, ரோட்டுப் பிடிமானம், அதாவது டயருக்கும் ரோட்டுக்கும் நடுவுல இருக்கற உராய்வு அளவு, 0.7 இருந்தா பிரேக் கடிச்ச எடத்துல இருந்து 20 மீட்டர்ல நிக்கும், 0.5-க்கு எறங்குனா 28 மீட்டர், இது ஸ்கூல் ஃபிசிக்ஸ் கணக்குதான். நடுவுல இருக்கற அந்த 8 மீட்டர் வளைவுக்குள்ள அடங்காதுங்க. பிரேக் மிதிக்க யோசிக்கற நேரம் இதுல சேரல, எறக்கத்தையும் சேக்கல.

இதக் கேட்டா "நம்ம வண்டி ரெண்டு டன்னுண்ணா, வெயிட்டுக்கே ரோட்டுல ஒட்டிக்கும்"னு சொல்றவங்க நெறைய பேரு. வெயிட்டு டயர ரோட்டுல அமுத்துது, உண்மை, ஆனா அதே வெயிட்டத்தான் நிறுத்தணும், ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போயிடுது. வெயிட்டு அதிகமா இருந்தா டயரும் பிரேக்கும் சூடாகறதும் அதிகம், மோதுனா அடியும் அதிகம். ஃபோர் வீல் டிரைவ் இருக்கேன்னு சொல்லுவாங்க, அது வண்டி கெளம்பறதுக்கு, ஏறறதுக்கு உதவும், நிக்கறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலு வீல்லயும்தான் பிரேக்கு. ஏ.பி.எஸ். இருக்கேன்னு சொல்லுவாங்க, ஏ.பி.எஸ். டயர் கிட்ட இருக்கற பிடிமானத்த வீணாக்காம பாத்துக்கும், இல்லாத பிடிமானத்த அது எங்க இருந்து கொண்டு வரும்?

இனி தேய்மானத்துக்கு வர்றேன், என் தொழில் அதுதானே. ஏ.டி. டயர் மாட்டின வண்டி உள்ள வந்தா மொதல்ல உள்ளங்கைய டயர் மேல வெச்சு முன்னாடி ஒரு தடவ, பின்னாடி ஒரு தடவ தடவுவேன். ஒரு பக்கம் வழுவழுன்னு போகும், திருப்பித் தடவினா பட்டனோட ஓரம் கைய அறுக்கும், ஒவ்வொரு பட்டனும் ஒரு முனை ஒசந்து ஒரு முனை தேஞ்சு சாய்வா இருக்கும். பெரிய பட்டன் பிரேக் போடறப்ப வளைஞ்சு கொடுக்குது, அதனால இப்படி ரம்பப் பல்லாட்டம் தேயுது, டயர மாத்தி மாத்திப் போடாம அதே எடத்துலயே ஓட்டுனா இன்னும் மோசமாகும். கஸ்டமர் "ஊய்ங்ன்னு சத்தம் வருதுண்ணா, பேரிங் போச்சா பாருங்க"ன்னுதான் வண்டிய விடுவாரு. பேரிங் நல்லாத்தான் இருக்கும். எட்டாயிரம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருக்கா டயர இடம் மாத்தி, ஸ்டெப்னி அதே டயரா இருந்தா அதையும் சேர்த்து சுத்தி விட்டா இது பெருமளவு கொறையும், டயரும் நாள் கூட வரும்.

சத்தத்த விட முக்கியமானது அந்த சைப். நெறைய ஏ.டி. டயர்ல சைப் கோடு பட்டனோட அடி வரைக்கும் போகாது, பாதி ஆழத்தோட நின்னுரும். டயர் பாதி தேஞ்சதும் பாருங்க, காடி இன்னும் 5 மில்லிமீட்டர் இருக்கும், ஓனர் "இன்னும் பாதி லைஃப் இருக்கு"ன்னு சந்தோஷமா இருப்பாரு, ஆனா பட்டன் மேல ஒரு கோடு இருக்காது, மொழுமொழுன்னு கட்டி ரப்பர், அதுவும் வெயில்ல காஞ்சு காஞ்சு இன்னும் இறுகிப் போன ரப்பர். அந்த நெலமையில ஈரத் தார்ல அது புது டயர் கிடையாது. சட்டப்படி காருக்கு 1.6 மில்லிமீட்டர் வரைக்கும் ஓட்டலாம், காடிக்குள்ள சின்ன மேடு வெச்சிருப்பாங்க, அது தெரிஞ்சா மாத்தணும்னு அர்த்தம். மழைக்கு 1.6-ங்கறது ரொம்ப லேட்டுங்க. 3 மில்லிமீட்டருக்குக் கீழ போனாலே ஈரத்துல நிக்கற தூரம் வேகமா ஏற ஆரம்பிக்கும், மலை ரோட்டுல ஓட்டறவங்க அதுக்கு முன்னாடியே மாத்திரணும்னு நான் எல்லாருகிட்டயும் சொல்லிட்டு இருக்கேன், கேக்கறவங்க கேக்கறாங்க.

காத்து விஷயமும் இதுல சேரும். மணல்ல, சேத்துல போறதுக்காக காத்த 20-க்கு எறக்கிட்டு அப்படியே ஹைவேயில ஏறி வீட்டுக்குப் போறவங்க இருக்காங்க. 1963-ல நாசாக்காரங்க விமான டயர வெச்சு ஒரு கணக்கு சொன்னாங்க, டயர் தண்ணி மேல மிதக்க ஆரம்பிக்கற வேகம் காத்தோட அழுத்தத்தப் பொறுத்ததுன்னு. அந்தக் கணக்குப்படி 32 பி.எஸ்.ஐ. இருந்தா கிட்டத்தட்ட 94 கிலோமீட்டர் வேகத்துல, 20 தான் இருந்தா 74 பக்கமே மிதக்க ஆரம்பிச்சிரும், பட்டன் நல்லா இருந்தா இன்னும் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். இன்னொண்ணு, எல்.டி., அதாவது லைட் டிரக்குன்னு போட்ட கெட்டியான ஏ.டி. டயர் மாட்டினா கதவுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கர் காத்து அதுக்குப் பத்தாது, அதே லோடத் தாங்க அந்த டயருக்கு கூடுதல் காத்து வேணும். மாட்டற கடையில அத எழுதிக் கொடுக்கறதில்ல, பழைய அளவுலயே அடிச்சு விட்டுடறாங்க, ஓரம் ரெண்டும் சீக்கிரம் தேஞ்சு என்கிட்ட வருது.

இப்ப சட்டத்துக்கு வருவோம். நம்ம நாட்டுல ஏ.ஐ.எஸ். 142-ன்னு ஒரு தரம் இருக்கு, உருளும் எதிர்ப்பு (டயர் உருள்றதுக்கே எவ்வளவு சக்தி வீணாகுதுங்கறது), ஈரப் பிடிமானம், சத்தம் மூணுக்கும் குறைஞ்சபட்ச அளவு. 2022 அக்டோபர்ல புது டிசைன் டயருக்கு வந்துச்சு, அடுத்த வருஷம் ஏற்கனவே ஓடிட்டு இருந்த டிசைனுக்கும். நல்ல விஷயம், வரவேற்கிறேன். ஆனா அது பாஸா ஃபெயிலாங்கறது மட்டும்தான், நல்லா பாஸானதும் சுமாரா பாஸானதும் கடையில பக்கத்துப் பக்கத்துல ஒரே மாதிரி நிக்கும். ஃபிரிட்ஜுக்கு ஒட்டற மாதிரி டயருக்கும் ஸ்டார் லேபிள் கொண்டு வந்தாங்க, அந்த ஸ்டார் டீசல் மிச்சத்துக்குத்தான். ஸ்டார் அதிகமா இருக்கற டயர் ஈரத்துலயும் நல்லா பிடிக்கும்னு அத வெச்சு முடிவு பண்ண முடியாது.

ஐரோப்பாவுல 2012-ல இருந்து ஒவ்வொரு டயர்லயும் ஈரப் பிடிமானத்துக்கு தனியா எழுத்து போட்டு ஒட்டணும், 2021 மே மாசத்துல இருந்து ஏ-ல ஆரம்பிச்சு ஈ வரைக்கும் அஞ்சு தரம். 80 கிலோமீட்டர் வேகத்துல பிரேக் அடிச்சா ஒசந்த தரத்துக்கும் கடைசித் தரத்துக்கும் 18 மீட்டர் வரைக்கும் வித்தியாசம் வரும்னு அங்க ஜனங்களுக்கு வெளிப்படையா சொல்றாங்க. 2024 ஜூலைல இருந்து புது டிசைன் கார் டயர தேஞ்ச நெலமையிலயும் ஈரத்துல சோதிச்சுப் பாத்துத்தான் அனுமதிக்கறாங்க. எம்.ஆர்.எஃப்., அப்பல்லோ, ஜே.கே., சியட், மிஷலின் எல்லாத்துக்கும் சென்னையைச் சுத்தி ஃபேக்டரி இருக்கு, இங்க இருந்து வெளிநாட்டுக்கும் டயர் போகுது. அங்க வாங்கறவருக்குத் தெரியற எழுத்து இங்க வாங்கற நம்ம ஆளுக்கும் தெரியட்டும். சோதனை ஏற்கனவே நடக்குது, ரிசல்ட்டு கம்பெனி கையில இருக்கு, அத ஒரு ஸ்டிக்கர்ல போட்டு டயர்ல ஒட்டச் சொல்லணும், அவ்வளவுதான் கேக்கறேன். மத்திய போக்குவரத்துத் துறை இத கட்டாயமாக்கணும். அது வர்ற வரைக்கும் டயர் வாங்கறவங்க கடையில நேராவே கேளுங்க, இந்த டயரு ஐரோப்பாவுல விக்குதா, அங்க இதே அளவுக்கு ஈரத்துல என்ன எழுத்துன்னு. தெரியாதுன்னு சொன்னா கம்பெனிகிட்ட கேட்டுச் சொல்லச் சொல்லுங்க, இருவது பேர் கேட்டா கடைக்காரரே தெரிஞ்சு வெச்சுக்குவாரு.

கழட்டி வித்த ஏ.டி. டயர் செட்டு வாங்கற பசங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பட்டன் புதுசாட்டம் இருக்குன்னு ஏமாறாதீங்க தம்பிகளா, பக்கவாட்டுல நாலு நம்பர் இருக்கும், மொத ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருஷம், 2317-ன்னு இருந்தா 2017-ல 23-வது வாரம் செஞ்சது. தேயாம நின்ன ரப்பரும் வயசாகி இறுகித்தான் போகும், மழையில அதோட பட்டன் ஆழம் உங்களக் காப்பாத்தாது. ரெண்டு டயர் மட்டும் புதுசா போடறதா இருந்தா அத பின்னாடி போடுங்க, முன்னாடி வழுக்குனா ஸ்டியரிங்கால கொஞ்சமாவது சமாளிக்கலாம், பின்னாடி வழுக்கி வண்டி சுத்திடுச்சுன்னா நம்ம கையில ஒண்ணும் இல்ல.

ஆசிரியர் ஐயா, உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். விபத்தான வண்டிய மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பாக்கறாரு இல்லீங்களா, அடுத்த தடவ மழை விபத்துச் செய்தி எழுதறப்ப உங்க நிருபர்கிட்ட சொல்லி டயர் ஆழம் எவ்வளவு இருந்துச்சு, எந்த வருஷத்து டயருன்னு அவர்கிட்ட கேட்டு அதையும் செய்தியில போடச் சொல்லுங்க.

இப்படிக்கு,
வீல் அலைன்மென்ட் கடைக்காரர் ஒருவர்,
பொள்ளாச்சி.