எங்கள் ஊர்க் காய்ச்சலை எங்கள் ஊர்க் கணக்கில் எழுதுங்கள்

மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரில் பிசான நெல் விளையும் ஒரு சின்ன ஊரில் மெடிக்கல் ஸ்டோர் வைத்திருக்கிறேன். ஊரில் காய்ச்சல் என்றால் டாக்டருக்கு முன்னால் எனக்குத்தான் தெரியும். "அண்ணாச்சி, மேலுக்கு முடியல, ரெண்டு மாத்திரை குடுங்க" என்று காலையில் கடை திறக்கும்போதே வந்து நிற்பார்கள். கடன் நோட்டின் கடைசிப் பக்கங்களில் காய்ச்சல் மாத்திரை எந்தத் தெருவுக்குப் போகிறது என்று குறித்து வைப்பது என் பழக்கம். போன ஐப்பசியில் ஓடைக்கரைத் தெரு ஒன்றுக்கு மட்டும் பத்து நாளில் 11 வீட்டுக்குப் போயிருக்கிறது.

அந்த 11 வீட்டில் ஒன்று எதிர்த்த வீட்டு மதினியின் வீடு. பீடி சுற்றுகிறவர். விடிந்ததும் இரண்டு ஆட்டுக்கும் ஓடைக்கரையில் புல் அறுத்துவிட்டு வந்துதான் தட்டை மடியில் வைப்பார். ஆறு நாள் என் கடை மாத்திரையில் ஓட்டினார். அதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்கவில்லை. அப்புறம் ஒரு கிளினிக்கில் இரண்டு ஊசி, "வைரல்தான், சரியாயிரும்." ஒன்பதாம் நாள் மூச்சு வாங்கவே, முப்பது கிலோமீட்டர் தள்ளிக் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்து கூட்டிப்போய் அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். அங்கிருந்த டாக்டர் உடம்பு முழுக்கப் பார்த்திருக்கிறார். இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடத்துக்குக் கீழே, பயறு அளவுக்குக் கருப்பாக ஒரு பொருக்கு. பீடி நெருப்பு பட்டிருக்கும் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஸ்கரப் டைபஸ், உண்ணிக் காய்ச்சல். டாக்ஸிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஒரு அட்டை ஒரு சினிமா டிக்கெட் விலைகூட வராத மருந்து. அதற்குள் நான்கு நாள் ஆக்ஸிஜன், சங்கிலி அடகுக்கடையில், பீடிக் கம்பெனி பாஸ்புக்கில் மூன்று வாரம் வெறுமை.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததை. ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது விலாசம் கேட்டிருக்கிறார்கள். மகள் தன் வீட்டு விலாசத்தைச் சொல்லியிருக்கிறாள். சில நாளில் மகள் தெருவுக்குப் புகை மெஷின் வந்துவிட்டது. சிமெண்ட் தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றி, தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து, சுவரில் தேதி எழுதிவிட்டுப் போனார்கள். கொசுவுக்குச் சம்பந்தமே இல்லாத நோய் ஐயா அது. செடி புதரில் இருக்கும், கண்ணுக்கே தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. கடித்தது எங்கள் ஓடைக்கரையில். புகை அடித்தது முப்பது கிலோமீட்டர் தள்ளி. தினக்கூலிக்கு மெஷின் தூக்கி வந்த பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, அவர்களிடம் கொடுத்த தாள் அப்படி. எங்கள் தெருவுக்கு இன்றுவரை யாரும் வரவில்லை. மற்ற 10 வீட்டுக்கும் வந்தது இதே காய்ச்சல்தானா, வேறா என்று யாருக்கும் தெரியாது. எங்கள் ஊர்க் கணக்கில் அந்த மாதம் ஒன்றுமே இல்லை.

முறை இல்லை என்று சொல்ல முடியாது. 2004 முதல் நாடு முழுக்க நோய்க் கண்காணிப்புத் திட்டம் நடக்கிறது. நர்ஸம்மா சந்தேகத்தை எழுத ஒரு படிவம், டாக்டருக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று. 2021இலிருந்து எல்லாம் கம்ப்யூட்டரில். எங்கள் நர்ஸம்மாவும் பாவம், நான்கு ஊரைச் சுற்றிவிட்டு ராத்திரி உட்கார்ந்து போனில் ஏற்றுகிறார். ஏற்றியது எங்கே போகிறது? மேலே போகிறது. மேலே போனது கீழே வந்ததாக நான் பார்த்ததில்லை.

எனவே கேட்பது ஒன்றுதான். தனியார் ஆஸ்பத்திரி, லேப் கணக்கையும் சேர்த்து, நோயாளிக்குக் காய்ச்சல் எந்த ஊரில் பிடித்தது என்று விசாரித்து, அந்த ஊர்க் காய்ச்சல் கணக்கை வாரம் ஒருமுறை அந்த ஊர் ஊராட்சிப் பலகையில் எழுதிப் போடுங்கள். பெயர் வேண்டாம். தெரு, எத்தனை பேர், என்ன காய்ச்சல், அது போதும்.

முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 1980களில், கம்ப்யூட்டர் இல்லாத காலத்தில், வட ஆற்காடு மாவட்டத்தில் வேலூர் சி.எம்.சி. டாக்டர் ஜேக்கப் ஜானும் அவரோடு இருந்தவர்களும் தனியார் டாக்டர்களிடம் அச்சடித்த அஞ்சலட்டையைக் கொடுத்தே நோய்க் கணக்கு வாங்கினார்கள். வந்த கணக்கை மாதாமாதம் அச்சடித்து அந்த டாக்டர்களுக்கே திருப்பி அனுப்பினார்கள். கொரோனாவில் நீங்களே தினமும் சாயங்காலம் மாவட்டவாரியாகக் கணக்கு வெளியிட்டீர்கள். ஆக, நாட்டுக்கே பயம் என்றால் கணக்கு வெளியே வரும். ஒரு தெருவுக்குப் பயம் என்றால் "மக்கள் பீதியடைய வேண்டாம்" என்று அறிக்கை வரும். கணக்குத் தெரியாத ஊரில்தான் ஐயா பீதி. பத்திரிகையில் "மர்மக் காய்ச்சல்" என்று போடுகிறார்களே, அதில் என்ன மர்மம்? யாரும் ரத்தம் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

2012 டெங்குவை நம் பக்கத்து ஆட்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. டெங்குவில் தவித்த கடையநல்லூர் அப்போது நம் திருநெல்வேலி மாவட்டம். தமிழ்நாடு முழுக்க அந்த வருடம் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் சாவு என்பது அரசுக் கணக்கு. அன்றைக்கும் முதல் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கியவர்கள் என்னைப் போன்ற ஒரு கடையில்தான் வாங்கியிருப்பார்கள்.

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், மன்னிக்கவும். உங்களிடம் ஆள் குறைவு, வண்டி குறைவு என்பதெல்லாம் தெரியும். இருந்தாலும் தயவுசெய்து எங்கள் ஊர்க் காய்ச்சலை எங்கள் ஊர்க் கணக்கில் எழுதுங்கள், எழுதியதை எங்களுக்குக் காட்டுங்கள். ஊராட்சி ஆபீஸ் வாசலில் கரும்பலகை சும்மாதான் இருக்கிறது; போன கிராமசபைத் தேதி இன்னும் அழிக்காமல் கிடக்கிறது. என் நோட்டு வேண்டுமானாலும் கொண்டுவந்து தருகிறேன். சாக்பீஸும் நானே வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஓடைக்கரைத் தெருவுக்கு மாத்திரை விற்றவன்