தூண்கள் குறையா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் பள்ளிவாசல் கட்டடக்கலை பற்றி வந்த கட்டுரையில், குவிமாடம் எழுப்பத் தெரியாத காலத்தில் தூண்களை அடுக்கினார்கள் என்றும், உஸ்மானியர் (ஒட்டோமான் துருக்கியர்) வந்தபின்தான் உள்ளிடம் தூண்களிலிருந்து விடுதலை பெற்றது என்றும் ஒரு வரி. நெடுநாள் வாசகி என்ற உரிமையில் சொல்கிறேன், மனம் மிகவும் வருந்தியது.

ஜெருசலேமில் ஏறத்தாழ 20 மீட்டர் அகலக் குவிமாடம் 691-92லேயே எழுந்துவிட்டது தங்களுக்குத் தெரியாததல்ல. ஸ்பெயினின் கொர்தோபா பள்ளிவாசலைத் தூண்வரிசைகளோடு கட்டத் தொடங்கியது அதற்கும் ஏறக்குறைய நூறாண்டு கழித்து. தொழுகை வரிசை பக்கவாட்டில் நீள்வது. ஆட்கள் பெருகினால் இன்னும் சில தூண்வரிசைகளைச் சேர்த்தால் போதும். அந்தத் தொழுகைக்கூடத்தை மூன்று முறை விரித்தது அப்படித்தான். நேரில் பார்த்திருக்கிறேன். பழைய கட்டடங்களிலிருந்து எடுத்துவந்த தூண்கள் குட்டை என்பதால், கூரையை உயர்த்த ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவை ஏற்றியிருக்கிறார்கள். செங்கல்லும் வெளிர்கல்லும் மாறி மாறி வரும். எங்கே நின்றாலும் அதுவே நடுவிடம் போலிருக்கும். இதைக் குறை என்று எழுத எப்படி மனம் வந்தது?

தூண் ஸஃப்பை, அதாவது தொழுகை வரிசையை, வெட்டும் என்பது உண்மைதான். துருக்கியில் எதிர்னே நகரின் செலிமியே பள்ளியில் 31 மீட்டர் குவிமாடத்தைத் தாங்கும் எட்டுப் பெருந்தூண்களையும் சுவரோரம் ஒதுக்கிய உஸ்மானியக் கட்டடக் கலைஞர் சினானைக் கண்டு எனக்கும் பிரமிப்பு உண்டு. அவரைப் புகழ முந்தியவர்களை ஏன் தாழ்த்த வேண்டும்? முற்றத்தின் நான்கு பக்கமும் ஈவான் எனும் முன்திறந்த வளைவு மண்டபம் வைத்த, ஈரானின் இஸ்பஹான் ஜும்ஆ பள்ளிக்கு ஒரு வரிகூட இல்லை. எப்போதும் மினாராவும் குவிமாடமும்தான் படமாக வருகின்றன. உள்ளே போவதே இல்லை.

விடுதலை யாருக்கு? தூணே இல்லாத பெரிய கூடங்கள் கொண்ட புதிய பள்ளிகளில் எனக்குக் கிடைத்த இடம் பெரும்பாலும் பக்கப் படிக்கட்டு ஏறி, தடுப்புக்குப் பின்னால். தொழும் திசை காட்டும் மிஹ்ராப் மாடம் கண்ணில் படாது. ஒலிபெருக்கி நின்றுவிட்டால், தொழுகை நடத்தும் இமாம் குனிந்து ருகூவில் இருக்கிறாரா, நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் இருக்கிறாரா என்று பக்கத்துப் பெண்ணைப் பார்ப்பேன். அவளும் என்னைப் பார்ப்பாள். உள்ளிடத்தின் வரலாறு எழுதுபவர்கள் அந்த இடத்தை அளந்ததுண்டா? இதை முன்பும் எழுதினேன், தாங்கள் வெளியிடவில்லை.

அடுத்த இதழில் கொர்தோபா, செலிமியே, இன்றைய பள்ளி ஒன்று என மூன்று தரைப்படங்களை அருகருகே அச்சிடுங்கள். பெண்கள் பகுதியையும் குறித்துக் காட்டுங்கள். அரைப் பக்கம் போதும்.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி