ஃபோர்சைட் மட்டும் தெரிந்தால் போதும், மக்கா

தக்கலை,
ஐப்பசி, மழை விடாத ஒரு சாயங்காலம்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது. மழையைச் சாக்காகச் சொல்கிறேன், திட்டாதே. இங்கே அடைத்துக்கொண்டு பெய்கிறது. அடுக்களைப் பக்கம் ஓடு இரண்டு இடத்தில் ஒழுகி, அரிசிப் பானையை நகர்த்தி வைத்திருக்கிறோம். வீட்டுக்காரிக்கு முழங்கால் பழையபடிதான். மகள் தீபாவளிக்கு வரவில்லை. கிறிஸ்துமஸ் லீவுக்குப் பிள்ளைகளோடு வருகிறாளாம். நீ அனுப்பிய படத்தில் உன் பேரனுக்கு அப்படியே உன் மூக்கு. பாவம்.

ஆனால் உன் கடிதத்தில் ஒரு வரியைப் படித்து வாய்விட்டுச் சிரித்தேன். "ஃபோர்சைட் ரெண்டாத் தெரியுது, எதை நம்பிச் சுட?" என்று கேட்டிருக்கிறாய். துப்பாக்கிக் குழலின் நுனியில் குறி பார்க்க நிற்கிற அந்தச் சின்ன முள் உனக்கும் இரண்டாகிவிட்டதா! கல்லூரியில் என்.சி.சி.யில் .22 ரைஃபிளோடு மணல் மூட்டையில் கவிழ்ந்து கிடந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உன் ஐந்து குண்டும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். என்னுடையது சாப்பாட்டுத் தட்டுக்குள்ளே அடங்கினால் பெரிசு. அப்போது ஹவில்தார் தொண்டை கிழியக் கத்துவார்: ஃபோர்சைட்டைப் பார், ஃபோர்சைட்டைப் பார் என்று. இருபது வயதுக் கண்ணுக்கு அவர் எதற்குக் கத்துகிறார் என்றே புரியவில்லை. கண்பக்கத்தில் இருக்கும் பேக்சைட், குழல் நுனியில் நிற்கும் ஃபோர்சைட், தூரத்து டார்கெட் மூன்றும் கண்ணாடி மாதிரித் தெரிந்த காலம். கண் ஒரு நொடிக்குள் மூன்றுக்கும் ஓடிப்போய் வந்துவிடும். இப்போது வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குள் லென்ஸ் விறைத்துப்போய்விட்டது, ஓட மாட்டேன் என்கிறது. ஒரே ஒரு தூரத்தில்தான் நிற்கும். எந்தத் தூரத்தில் நிறுத்துவது என்பதுதான் நம்முடைய கேள்வி, வேறொன்றுமில்லை.

நானும் போன வருஷம்தான் மறுபடி சுடத் தொடங்கினேன். குலசேகரம் போகிற வழியில் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணாச்சி, ரப்பர் ஷீட் காயப்போடும் பழைய ஷெட்டைச் சுத்தம் செய்து, கோடியில் மணல் மூட்டை அடுக்கி, 10 மீட்டர் அளந்து கோடு போட்டு வைத்திருக்கிறார். ஏர் பிஸ்டல், காற்றழுத்தத்தில் ஈய பெல்லட்டைத் தள்ளும் கைத்துப்பாக்கி. மழையில் ரப்பர் பால்வெட்டு இல்லாத நாட்களில் வெட்டுக்காரர்கள் வந்து வேடிக்கை பார்ப்பார்கள். அவர்கள் முன்னால்தான் என் மானம் போனது.

காரணம் ப்ரொக்ரசிவ் கண்ணாடி. டவுனில் ஒரு கடையில், "சார், இது ஒண்ணே போதும், தூரம், கம்ப்யூட்டர், பேப்பர் எல்லாம் தெரியும்" என்று சொல்லி நல்ல விலைக்குக் கட்டிவிட்டார்கள். பஸ் போர்டு பார்க்க, பேப்பர் படிக்க எல்லாம் சரிதான். பிஸ்டலை நீட்டினால்தான் வந்தது வினை. அந்த லென்ஸில் மேலே தூரம், கீழே படிப்பு, நடுவில் ஒரு ஒடுக்கமான பாதை. கை நீட்டும் தூரத்தில் இருக்கிற ஃபோர்சைட் அந்த ஒடுக்கத்தில்தான் தெளியும். அதற்கு மோவாயைத் தூக்க வேண்டும். ஒரு குண்டுக்கு ஒரு விரற்கடை தூக்குவேன், அடுத்ததற்கு அரை விரற்கடை. ஒவ்வொரு தடவையும் ஃபோர்சைட்டின் மேல்விளிம்பு வேறு மாதிரி. குண்டுகள் தாளில் மேலும் கீழுமாக, கொடியில் துணி காயப்போட்டது மாதிரி இறங்கின. ஒரு வெட்டுக்காரப் பையன் கேட்டான்: "பாட்டா, நீங்க யாரைச் சுடுதீய?"

மேலே தூரம், கீழே படிப்பு என்று இரண்டாகப் பிரித்த பைஃபோக்கலும் இதே கதைதான். நீ மூக்கில் மாட்டியிருக்கிறாயே ப்ளஸ் 2 ரெடிமேட் கண்ணாடி, அது இன்னும் மோசம். தூரப் பவர் இல்லாத கண்ணுக்கு அது அரை மீட்டரில் பார்வையை நிறுத்திவிடும். ஃபோர்சைட் அதையும் தாண்டி நிற்கிறது, டார்கெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு அது புரிந்த பிறகுதான் மனம் அடங்கியது. என் பிஸ்டலில் பேக்சைட்டுக்கும் ஃபோர்சைட்டுக்கும் நடுவே சுமார் 30 சென்டிமீட்டர். ஃபோர்சைட் தன் இடத்திலிருந்து ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் அது 33 மில்லிமீட்டராக விரிகிறது. பத்து மார்க் விழ வேண்டிய இடத்தில் ஆறு விழும். அதுவே இரண்டு சைட்டும் ஒழுங்காக இருந்து, கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் ஆடினால், தாளிலும் அதே ஒரு மில்லிமீட்டர்தான். பத்து பத்தாகவே இருக்கும். நடுவில் பத்து மார்க் தரும் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர், டார்கெட்டின் கறுப்பு வட்டம் 59.5. அவ்வளவு பெரிய கறுப்பு கொஞ்சம் மங்கித் தெரிந்தால் குடி முழுகிவிடாது. மங்கிய வட்டத்துக்கும் நடு உண்டு, கண் அதைத் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளும். மங்கிய ஃபோர்சைட்டுக்கு விளிம்பு கிடையாது. ஹவில்தார் கத்தியது இதற்குத்தான் என்று அறுபது தாண்டி எனக்கு விளங்கியது. நாற்பது வருஷம் தாமதம், அவ்வளவுதான்.

அப்புறம் பவர். வீட்டுக்காரியின் தையல் டேப்பை எடுத்து, பிஸ்டலை நீட்டிப் பிடித்து, கண்ணிலிருந்து ஃபோர்சைட் வரை அவளையே அளக்கச் சொன்னேன். 82 சென்டிமீட்டர். நூறை 82-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.2. ஃபோர்சைட் அப்படியே கத்தி மாதிரித் தெரிய உன் தூரப் பவரோடு இவ்வளவு கூட்ட வேண்டும். ஆனால் அவ்வளவும் கூட்டினால் டார்கெட் கரைந்தே போகும். 10 மீட்டருக்கு வேண்டியது வெறும் 0.1. இரண்டுக்கும் நடுவில் பிடித்தால் 0.65 வருகிறது. லென்ஸ் கால் கால் பவராகத்தான் கிடைக்கும் என்பதால் 0.50 அல்லது 0.75. அனுபவப்பட்டவர்கள் சொல்கிற கணக்கும் இதுதான்: தூரப் பவரோடு அரையோ முக்காலோ கூட்டு.

எனக்குத் தூரத்துக்கு மைனஸ் 1. முக்கால் கூட்டினால் மைனஸ் 0.25 ஆகிறது. "பவர் குறையுதே, அப்போ கண் நல்லாயிருச்சா?" என்று வீட்டில் கேட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சீட்டில் சிலிண்டர், அதாவது சிதறல் பார்வைக்கான பவர், இருந்தால் அதில் கை வைக்காமல் அப்படியே போடச் சொல்ல வேண்டும். உனக்கு ஃபோர்சைட் இரண்டாகத் தெரிவதற்கு அந்தச் சிலிண்டரைத் திருத்தாமல் விட்டதுகூடக் காரணமாக இருக்கலாம்.

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும், கண் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டுமே. பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனால் போலீஸ் வந்துவிடும். அதனால் பேத்தியின் ஒரு அடி ஸ்கேலை எடுத்து, நுனியில் கறுப்பு அட்டையை ஃபோர்சைட் அகலத்துக்கு வெட்டி ஒட்டினேன். இந்தத் தடவை வேறு கடை. பவர் பார்க்கிற பெண், லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிற ட்ரையல் ஃப்ரேமை மாட்டிவிட்டாள். நான் எழுந்து நின்று, ஸ்கேலின் அடியைப் பிடித்து, அட்டை கண்ணிலிருந்து 82 சென்டிமீட்டரில் வருமாறு நீட்டிக்கொண்டு, வாசலுக்கு அந்தப்பக்கம் இருந்த மருந்துக்கடைப் பலகையில் ஒரு கறுப்புப் புள்ளியைக் குறி பார்த்தேன். கடையில் இருந்த நாலு பேரும் மூச்சு விடவில்லை. ஒரு அம்மா பிள்ளையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். அந்தப் பெண் மட்டும் அசரவில்லை. 0.50 போட்டாள்: புள்ளி உருண்டையாக நின்றது, அட்டையின் மேல்விளிம்பில் மட்டும் சாம்பல் நிறத்தில் இன்னொரு நிழல். 1.00 போட்டாள்: அட்டை சவரக்கத்தி, புள்ளி மழையில் கரைந்த மை. 0.75 போட்டதும் அட்டை விளிம்பு நேர்கோடாக நின்றது, புள்ளி ஓரம் மட்டும் பஞ்சு மாதிரி. "இதுதாம்மா" என்றேன். பழைய ஃப்ரேமிலேயே பாலிகார்பனேட் லென்ஸ் போட்டுத் தந்தாள். லென்ஸில் கஞ்சத்தனம் பண்ணாதே. ஈய பெல்லட் சில நேரம் தெறித்துத் திரும்பும், சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கண் போய்விடும்.

உன்னுடையது ரைஃபிள், ஓட்டை சைட். நீ ஒரு விதத்தில் யோகக்காரன். சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால் கிட்டவும் தூரமும் தானாகவே கொஞ்சம் தெளியும். கண்ணாடி இல்லாத நேரம் விரலைச் சுருட்டி அந்த இடுக்கில் விலைப்பட்டியல் பார்ப்போமே, அதே வித்தைதான். ஆகவே உனக்கு 0.50 கூட்டினாலே போதும் என்று நினைக்கிறேன். ஆனால் ஓட்டையை ரொம்பச் சின்னதாக்கிவிடாதே, இருட்டிவிடும். உனக்கு வேறு ஒரு சங்கடம் இருக்கிறது. ரைஃபிளின் பின்கட்டையில் கன்னம் வைத்ததும் தலை சாய்கிறது. பார்வை லென்ஸின் நடுவில் போகாமல் மூக்குப்பக்கம் மேல்மூலையில் போகிறது. அங்கே பவர் எவ்வளவு சரியாக இருந்தாலும் சரிந்துதான் தெரியும். ஜெர்மனியில் க்னோப்ளாக் மாதிரிக் கம்பெனிகள் இதற்கென்றே ஃப்ரேம் செய்கிறார்கள்: ஒற்றை லென்ஸ், அதை மேலே கீழே, பக்கவாட்டில் நகர்த்தி கண்ணுக்கு நேரே நிறுத்தலாம். ரைஃபிள்காரனுக்கு அது பிரயோஜனம்தான். பிஸ்டலுக்கு நிமிர்ந்து நிற்கிறோம், எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நீயும் முதலில் பெரிய வட்ட ஃப்ரேமில், கட்டையில் கன்னம் வைத்தபடி உன் கருவிழி வரும் இடத்தைப் பேனாவால் குறித்து, லென்ஸின் மையத்தை அங்கே வைத்துத் தரச் சொல்லிப்பார். அதில் சரிவரவில்லை என்றால் அந்த ஜெர்மன் ஃப்ரேமுக்குக் காசைக் கொட்டு.

இன்னொன்று, இடது கண்ணை இறுக்கி மூடாதே. ஒரு கண்ணில் இருட்டு விழுந்தால் இரண்டு கண்மணியும் சேர்ந்தே விரியும், சுடுகிற கண் அதிகமாக மங்கும். பழைய ஃபைல் உறையின் பால் நிறப் பிளாஸ்டிக்கை வெட்டி இடது கண்ணுக்கு முன்னால் தொங்கவிட்டிருக்கிறேன். வெளிச்சம் வரும், உருவம் வராது. போட்டி விதியிலும் 30 மில்லிமீட்டர் அகலம் வரை அனுமதி உண்டு. அதற்கும் முன்னால் உன் ஆட்சிக்கண், அதாவது குறி பார்க்க மூளை நம்புகிற கண், எது என்று பார்த்துக்கொள். இரண்டு கையையும் சேர்த்துச் சின்ன இடுக்கு வைத்து, தூரத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டு ஒவ்வொரு கண்ணாக மூடு. நான் ஆரல்வாய்மொழியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு காற்றாலைக் காற்றாடியை வைத்துப் பார்த்தேன். வலது கண்ணை மூடியதும் காற்றாடி காணாமல் போனது. சரி, வலதுதான்.

வெளிச்சத்துக்கு இருக்கிற மதிப்பு இப்போதுதான் தெரிகிறது. காலை பத்து மணிக்கு நான் வீரன், சாயங்காலம் ஐந்தரைக்கு அதே கண்ணாடியில் குருடன். வெளிச்சம் குறையக் குறையக் கண்மணி விரிகிறது, தெளிவு போகிறது. அண்ணாச்சியிடம் சொல்லி டார்கெட்டுக்கு ஒன்றும் நிற்கிற இடத்துக்கு மேலே ஒன்றுமாக எல்.இ.டி. மாட்டினோம். அந்த இரண்டு பல்பு செய்ததில் பாதியைக் கண்ணாடிகூடச் செய்திருக்காது.

இதெல்லாம் கண் டாக்டரைப் பார்த்த பிறகு. முதலில் அதைச் செய். விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் அது கண்புரையாக இருக்கலாம், அப்படியானால் எந்தப் பவராலும் தீராது. உனக்குச் சுகர் வேறு. சுகர் ஏறி இறங்கும்போது பவரும் கூடவே ஏறி இறங்கும். கல்யாண வீட்டில் மூன்று வகைப் பாயசம் குடித்துவிட்டு மறுநாள் பவர் பார்க்கப் போகாதே. சுகர் சில வாரம் ஒரே நிலையில் நின்ற பிறகு பார்.

"இந்த வயசுல இதெல்லாம் வேணுமா" என்று உன் மகன் கேட்டதாக எழுதியிருந்தாய். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கிக்காரர் யூசுஃப் திகெச் 51 வயதில், சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஏர் பிஸ்டல் கலப்பு அணியில் வெள்ளி வாங்கினாரே, அந்தப் படத்தைக் காட்டு. 51 எல்லாம் சின்ன வயசு என்பானானால், 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் 72 வயதில் வெள்ளி வாங்கிய ஸ்வீடன்காரர் ஆஸ்கர் ஸ்வான் இருக்கிறார். நாம் ஒலிம்பிக் போகப்போவதில்லை, அது வேறு.

ஜனவரியில் வருவதாக எழுதியிருக்கிறாய். ரைஃபிளைத் தூக்கிக்கொண்டு வராதே, அண்ணாச்சியிடம் ஒன்று இருக்கிறது. டாக்டர் எழுதிய பவர் சீட்டையும், கன்னம் வைத்த நிலையில் கண்ணிலிருந்து ஃபோர்சைட் வரை அளந்த சென்டிமீட்டரையும் மட்டும் கொண்டுவா. அந்தப் பெண்ணிடம் கூட்டிப்போகிறேன். ஸ்கேல் என்னிடம் இருக்கிறது, அட்டையைப் பேத்தி பிய்க்காமல் இருந்தால் சரி. தோட்டத்தில் மட்டி வாழைக்குலை ஒன்று இறங்கியிருக்கிறது. ஜனவரி வரை தாங்காது, பின்னால் வருவதை உனக்கு வைக்கிறேன்.

உன்
பழைய கூட்டுக்காரன்