வள்ளிக்கு வசம்பு வேண்டாம், ஆத்தா

ஸ்டுட்கார்ட், ஜெர்மனி,
நவம்பர் 16

அன்புள்ள ஆத்தாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். அப்பச்சிக்கு முழங்கால் வலி தேவலையா?

வள்ளி பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று அண்ணன் சொல்லக் கேட்டு, வசம்பைச் சுட்டு உரசி நாக்கில் தடவச் சொல்லியிருக்கிறீர்கள். வீட்டில் அவள் பேசும் பேச்சுக்கு உங்கள் மாப்பிள்ளை காதைப் பொத்திக்கொள்கிறார். நாக்கில் ஒரு குறையும் இல்லை. புது இடம், புது முகங்கள், புரியாத மொழி. நன்றாகப் பார்த்துத் தெரிந்துகொள்ளாமல் அவள் காலை எடுத்து வைக்க மாட்டாள். அவ்வளவுதான். புது மொழிக்குள் வரும் பிள்ளைகள் சில மாதம் பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது வழக்கம் என்கிறார்கள் ஆசிரியைகள். வீட்டில் தமிழை விட்டுவிடாதீர்கள் என்றும் அவர்களே சொல்கிறார்கள். அதற்கு மேலும் இப்படியே நீண்டால் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும். அதையும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இங்குள்ள கிண்டர்கார்ட்டனை நம் ஊர் எல்.கே.ஜி. என்று நினைத்துவிடாதீர்கள். சிலேட்டும் கிடையாது, வீட்டுப்பாடமும் கிடையாது. மூன்று வயதுப் பிள்ளையும் ஆறு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் விளையாடுகிறார்கள். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் ஃபுரோபெல் என்பவர் இதைத் தொடங்கிவைத்தாராம். அவர் வகுத்த மரக்கட்டை விளையாட்டு இன்றும் நடக்கிறது. மழையோ குளிரோ, தினமும் வெளியே விட்டுவிடுகிறார்கள். சேறும் சகதியுமாக வருகிறாள். அந்தத் துணியைத் துவைக்கும்போது மட்டும் எனக்கு நம் ஊர்ப் பள்ளியே தேவலை என்று தோன்றும்.

எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் என்பதால் கோட்டு மாட்டும் கொக்கிக்கு மேல் ஆளுக்கொரு படம். வள்ளிக்கு முள்ளெலி. முகம் சுளிக்காதீர்கள், இந்த ஊரில் அது செல்லப் பிராணி மாதிரி.

சேர்த்த புதிதில் என்னையும் அறையிலேயே உட்காரவைத்தார்கள். பெர்லின் முறை என்று ஒன்று இருக்கிறது. அதன்படி முதல் மூன்று நாளும் தாயைப் பிரிக்கவே மாட்டார்கள். நாலாம் நாள்தான் சிறிது நேரம் வெளியே போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டு. கண்ணில் படாமல் நழுவக் கூடாது. நாமோ பிள்ளை வேறு பக்கம் திரும்பியதும் ஓடுகிறவர்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன். ‘போய் விளையாடு’ என்று தள்ளக் கூடாது, அவள் திரும்பி வந்து மடியில் ஏறினால் விலக்கவும் கூடாது. சும்மா இருப்பது அவ்வளவு கடினமான வேலை என்று அங்கேதான் தெரிந்தது.

இப்போது அவளுக்கு ஒரு தோழி உண்டு. அந்தப் பிள்ளையின் கொக்கியில் நரிப் படம். ஆசிரியை அவர்களை ‘சேர்ந்து விளையாடுங்கள்’ என்று சொல்லவே இல்லை. மரக்கட்டைகளை இருவருக்கும் நடுவில் கொட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். அவள் பாட்டுக்கு அவள், இவள் பாட்டுக்கு இவள். பிறகு நரி அடுக்கிய கோபுரத்துக்கு வள்ளி ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தாள். கூட்டம் சேர்ந்தபின் உள்ளே நுழைவதுதான் அவளுக்குப் பயம் என்பதால் காலையில் சற்று முன்னதாகவே கொண்டுபோய் விடுகிறேன். மற்றவர்கள் அவள் இருக்கும் இடத்துக்கு வந்து சேரட்டும்.

ஒரு நாள் நரியை வீட்டுக்கு அழைத்தேன். இந்த ஊரில் நினைத்தபோது போய்க் கதவைத் தட்ட முடியாது. நாள், நேரம், எத்தனை மணிக்குத் திரும்ப அழைத்துப்போவது என்பதெல்லாம் முன்கூட்டியே பேசியாக வேண்டும். வெள்ளைப் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். தன் வீடு என்றால் வள்ளிதான் ராணி! பாதி தமிழ், பாதி ஜெர்மன், மீதி கையைப் பிடித்து இழுப்பது. நவம்பர் 11 மார்ட்டின் திருநாளில் பிள்ளைகள் காகித விளக்கேந்தித் தெருவில் பாடிக்கொண்டு போனார்கள். இவள் பாடவில்லை, ஆனால் நரியோடு ஜோடி போட்டு முன்வரிசையில் நடந்தாள்.

பிள்ளையார் நோன்புக்கு வருகிறோம் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மாவில் நூல்திரி வைத்து ஏற்றிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் இழையை எடுப்பது தேவகோட்டையில் அவள் அப்பத்தா வீட்டில். பங்காளிகள் எல்லாரும் கூடிவிடுவார்கள். அதற்கு முன்னால் காரைக்குடியில் உங்களிடம் ஒரு வாரம் இருப்போம். வந்த அன்றே முகப்பில் ஆட்களைக் கூட்டிவைத்து ‘பாட்டுப் பாடு, வணக்கம் சொல்லு’ என்று கேட்க வேண்டாம். அவள் காதுபட ‘கூச்சப்பிள்ளை’ என்று யாரும் சொல்லாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். யாராவது கேள்வி கேட்டால் நாம் முந்திக்கொண்டு பதில் சொல்லாமல் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம். முதலில் அண்ணன் மகள் மட்டும் வந்து விளையாடட்டும்; பெரியம்மா வீட்டுப் பட்டாளம் இரண்டு நாள் கழித்து வரலாம். பரணில் இருக்கும் மரச்சொப்பை இறக்கித் துடைத்து உள்முற்றத்து வளவில் வைத்துவிடுங்கள். விளையாடச் சொல்ல வேண்டாம்.

தேவகோட்டையில் இழையை அவளுக்குக் கடைசியாகக் கொடுக்கச் சொல்லி மாமியாரிடம் நானே பேசிக்கொள்கிறேன். மற்ற பிள்ளைகள் எடுப்பதைப் பார்த்தால் சுடரைக் கண்டு மிரள மாட்டாள்.

கவுனி அரிசி இரண்டு கிலோ வாங்கி வைத்திருங்கள். சீப்புச்சீடை கிளம்புவதற்கு முந்தின நாள் செய்தால் போதும், முன்பே செய்தால் அண்ணன் மிச்சம் வைக்க மாட்டான்.

இப்படிக்கு,
அன்பு மகள்
மீனாள்