சுண்டுவின் பெட்டிக்குள் வந்த கொசு

அன்புள்ள ராசா,

உன் கிரெஸ்டட் கெக்கோப் பல்லி சுண்டு சுகம். அதை முதலில் எழுதாவிட்டால் நீ கடிதத்தின் கடைசிக்கு ஓடிவிடுவாய். நேற்றிரவு குசினித் தராசில் வைத்துப் பார்த்தேன், 41 கிராம். போன மாதமும் அதுதான்.

நீ வான்கூவருக்குப் போன மூன்றாவது கிழமை சுண்டுவின் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கொசு தொடங்கியது. நுளம்பு இல்லை, வாழைப்பழத்தில் மொய்க்கிறதும் இல்லை. கறுப்பாக, கால் நீண்டு, பறக்கப் பழகாததுபோலக் கண்ணாடியில் ஏறி ஏறி விழும். சாப்பாட்டு மூடியில் ஒன்றைக்கூடக் காணவில்லை. எல்லாம் மண்ணிலிருந்துதான் கிளம்பின. பெட்டி வெறிச்சென்று கிடக்கிறதே என்று நான் ஒரு பன்னச்செடி வாங்கி, சட்டி மண்ணோடு நட்டேன். அதோடுதான் வந்திருக்கிறது. கறிவேப்பிலைக்கு ஊற்றுவதுபோலக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியதும் நான்தான். அடியில் நீ பரப்பிய களிமண் உருண்டைகள் தண்ணீரில் மூழ்கிக் கிடந்தன. மூடியைத் திறந்தால் புளித்த மணம்.

சிங்குக்குக் கீழே இருந்த பூச்சி மருந்தைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரம் சுண்டு மணிபிளாண்ட் இலையில் நின்ற துளியை நக்கிக்கொண்டிருந்தது. பிறகு நாக்கை நீட்டித் தன் கண்ணைத் துடைத்தது. இமை இல்லாத கண். இலையில் நான் அடிப்பதெல்லாம் அந்த நாக்குக்கும் கண்ணுக்கும்தானே போகும்? பசிபிக் தீவான நியூ கலிடோனியாவில் அழிந்தே போனது என்று நினைத்திருந்து, 1994இல் திரும்பக் கண்டுபிடித்த இனம் என்று நீ எத்தனை தரம் சொல்லியிருப்பாய். கை நடுங்கிவிட்டது ராசா. மருந்தைக் கொண்டுபோய் கராஜில் வைத்தேன்.

"மண் முழுவதையும் கொட்டிவிடுங்கோ அம்மா, பேப்பர் விரிச்சால் காணும்" என்று நீ போனில் சொன்னாய். நான் கேட்கவில்லை. இலைச்சருகைத் தூக்கினால் துள்ளுகிற அந்த வெள்ளைப் பொடிப்பூச்சிகளும், தொட்டால் சுருளுகிற சாம்பல் நிறப் பூச்சிகளும் அந்த மண்ணில்தான் இருக்கின்றன. பூஞ்சணத்தையும் சுண்டுவின் கழிவையும் தின்று பெட்டியைத் துப்புரவாக வைத்திருப்பவை அவைதானே. கொசுவுக்காக அவற்றையும் கொட்ட எனக்கு மனம் வரவில்லை.

கறிக்கு வெட்டிய உருளைக்கிழங்கில் ஒரு துண்டை மண்ணில் பதித்து வைத்தேன். இரண்டு நாள் கழித்துப் புரட்டினால், ஏழெட்டுப் புழுக்கள் நெளிகின்றன. நூல் துண்டு மாதிரி, உடம்பு கண்ணாடிபோல, தலை மட்டும் கறுப்பு. மேல்மண்ணில், இரண்டு அங்குலத்துக்குள், ஈரம் இருக்கும்வரை பூஞ்சணத்தையும் வேர்த்தும்பையும் தின்று வளர்பவை. பறப்பதை அடித்து என்ன பயன்? அது பத்து நாள் இருந்தால் அதிகம், அதற்குள் நூறு முட்டையும் இட்டுவிடும்.

அப்பா மெல்லிய குழாய் விட்டு அடித் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். தோட்டக் கடையில் நெமட்டோடு வாங்கினேன். கண்ணுக்குத் தெரியாத புழு, கொசுப்புழுவுக்குள் புகுந்து அதைக் கொல்லும், பல்லியை ஒன்றும் செய்யாது. ஃபிரிட்ஜில் மாங்காய் ஊறுகாய்க்குப் பக்கத்தில் வைத்திருந்து, தண்ணீரில் கலக்கி மண்ணில் ஊற்றினேன். அதற்கு ஈரம் வேண்டும் என்பதால் ஒரு கிழமை மண்ணை இலேசான ஈரத்தில் விட்டு, அதன் பிறகுதான் மேல்மண்ணைக் காயவிட்டேன். இப்போது இரவில், இலைக்கும் கண்ணாடிக்கும் மட்டும் தண்ணீர் தெளிக்கிறேன். சுண்டு குடிக்க அது காணும்.

நீ அனுப்பிய மஞ்சள் ஒட்டு அட்டையை உள்ளே வைக்கவே இல்லை. பாய்ந்து ஒட்டிக்கொண்டால் தோல் கிழியும், வால் கழன்றுவிடும். நம் வீட்டுச் சுவர்ப் பல்லி மாதிரி இதற்கு வால் திரும்ப முளைக்காதே. வெளியே, மூடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். முதல் கிழமை அட்டை கறுத்தே போனது. முட்டை கொசுவாகிப் பறக்க மூன்று நாலு கிழமை செல்லும் என்பதால் பொறுத்திருந்து, இரண்டாம் முறையும் ஊற்றினேன். நேற்று அட்டையில் இரண்டே இரண்டு.

நீ அங்கே புதுப் பெட்டி அடிக்கப் போகிறேன் என்றாய். எந்தச் செடி வாங்கினாலும் வேர்மண்ணை வடிவாகக் கழுவி, ஒரு மாதம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டு நடு. மணிபிளாண்டில் ஒரு கொடி வெட்டிப் போத்தல் தண்ணீரில் வைத்திருக்கிறேன், வேர் விட்டிருக்கிறது. மார்கழியில் வரும்போது அதை எடுத்துக்கொண்டு போ. சுண்டுவை அந்தக் குளிரில் பயணம் அனுப்ப மாட்டேன். சித்திரை வரட்டும்.

அன்புடன்,
அம்மா