குறிப்பு அனுப்ப முதல்

வெள்ளவத்தை

அன்பின் வசந்தி,

கடிதம் கிடைத்தது. அங்கே மழை பெய்து கிணறு நிரம்பிவிட்டதாம், குடுத்துவைத்தனி. இங்கே புழுக்கம் தாங்க முடியவில்லை.

கலியாணப் பேச்சுக்காகப் பெறாமகளின் சாதகக் குறிப்பைக் கேட்டிருந்தாய். அனுப்ப முதல் ஒரு விஷயம். அவளுக்கு மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், எம்.எஸ். என்கிற நரம்பு வருத்தம். வெளியில் மூச்சுவிடாதே என்கிறாள் அக்கா. பிள்ளையோ, "சொல்லிப்போட்டுப் பேசுங்கோ சின்னம்மா" என்று நிற்கிறாள். நான் பிள்ளையின் பக்கம்.

முதலில் இடது கண்தான். அசைத்தால் நோகும், அந்தக் கண்ணால் பார்த்தால் கூறைச் சீலையின் சிவப்பே வெளிறித் தெரிந்ததாம். கொம்பியூட்டர் வேலைதான் காரணம் என்றார்கள், சில கிழமையில் தெளிந்தும்விட்டது. பிறகு ஒருநாள் காலில் விறைப்பு, செருப்புக் கழன்றதுகூடத் தெரியவில்லை. வந்து வந்து மாறுவதால்தான் இதைப் பிடிக்கச் சுணங்குகிறது. நரம்பு டொக்டர் இரண்டையும் முடிச்சுப்போட்டு, மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் எம்.ஆர்.ஐ. எடுப்பித்தார். பழைய தழும்பும் புதுத் தழும்பும் சேர்ந்தே தெரிந்தன. நாரியில் ஊசி போட்டு நீர் எடுத்தும் பார்த்தார்கள். என்.எம்.ஓ. என்று இதேபோல இன்னொன்று இருக்கிறது, எம்.எஸ். மருந்து சிலது அதைக் கூட்டிவிடுமாம். அதற்கும் இரத்தம் சோதித்து, இல்லை என்று உறுதிசெய்த பிறகுதான் மருந்து.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை அரிக்கிறது. ஏன் என்று ஒற்றைக் காரணம் கிடையாது. எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றியவர்களுக்கு ஆபத்து 32 மடங்கு என்று 2022இல் அமெரிக்கப் படையினரை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது. ஆனால் அந்த வைரஸ் அநேகமாக எல்லோர் உடம்பிலும் இருக்கிறது! விற்றமின் டி குறைவு, சிகரெட், பரம்பரை எல்லாவற்றுக்கும் பங்குண்டு. பெண்களுக்குத்தான் கூட, அதுவும் 20க்கும் 40க்கும் இடையில். செய்வினை என்று அக்கா நூல் கட்டப் போனதை என்ன சொல்ல.

மாப்பிள்ளை வீட்டார் கேட்கப்போவது எனக்குத் தெரியும். தொற்றாது. தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100க்கு இரண்டு மூன்று. பிள்ளை பெறலாம், பிள்ளை வயிற்றில் இருக்கும்போது வருத்தத்தின் தாக்குதல் குறைவதே வழக்கம். ஆனால் சில மருந்துகளை முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

தாக்குதல் வந்தால் மூன்று தொடக்கம் ஐந்து நாள் ஸ்டீரோயிட் ஏற்றுவார்கள். அது அந்தத் தாக்குதலைச் சுருக்கும், அவ்வளவுதான். அடுத்ததைத் தள்ளிப்போட வேறு மருந்து, அதை விடாமல் எடுக்க வேண்டும். "நல்லாய்த்தானே இருக்கிறாள், ஏன் மருந்து" என்பவர்களோடுதான் எனக்குச் சண்டை. நல்லாய் இருப்பதே அதனால்தான்! வருத்தம் முற்றாகக் குணமாகாது என்பதையும் நீ மறைக்காதே.

சூடு கூடினால் பார்வை மங்கும், குளிர்ந்தால் சரியாகும். அது புதுத் தாக்குதல் இல்லை. காலி வீதியில் மத்தியான வெயிலில் நடக்க நாங்கள் விடுவதில்லை.

இவ்வளவையும் அவர்களிடம் சொல்லு. அதற்குப் பிறகும் விருப்பம் என்றால் குறிப்பை அனுப்புகிறேன். பொடியன் கொழும்புக்கு வந்தால், அவளோடு ஒருக்கா கிளினிக்குக்குப் போய் டொக்டரிடம் நேரே கேட்கட்டும்.

அன்புடன்,
சாந்தி